அடேயப்பாவுக்கு வந்த சோதனை

உலக அதிசயங்கள் ஏழுதான் என்று யாரோ எண்ணிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் அடேயப்பாவைக் கேட்காமல் எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவரைக் கேட்டிருந்தால் சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து தேக்கா சந்தைக்கு நடந்து போவதற்குள்ளேயே எழுபது தேறியிருக்கும். அந்த எழுபதில் பாதி, பிறந்ததிலிருந்து என் கண்ணில் பட்டும் நான் கவனிக்காதவை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் அது பத்திரமாக இருந்தது. ஆனால் எங்கள் ஏர்கான் கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் காலையிலேயே அந்தப் பெயர் காலாவதியாகிவிட்டது. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. "அடேயப்பா!" என்றார். லிஃப்ட் எந்த மாடி என்று வாய்விட்டுச் சொன்னது. "அடேயப்பா!" கைகழுவப் போன இடத்தில் குழாயைத் தொடாமலே தண்ணீர் வந்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து வந்த சத்தத்தில் யாரோ வழுக்கி விழுந்துவிட்டார்கள் என்று முதலுதவிப் பெட்டியோடு ஓடினோம்.

"ஏன் தம்பி, மெட்ராஸ்லகூட இப்ப கதவு தானா தொறக்குதாமே?" என்று கேட்டேன்.

"தொறக்குதுக்கா. அங்கயும் அடேயப்பான்னுதான் சொன்னேன்" என்றார்.

எங்கள் சீன முதலாளி அதைத்தான் பெயர் என்று எடுத்துக்கொண்டார். முழுவதும் வாயில் நுழையாததால் 'ஆடி' என்று சுருக்கினார். "ஆடி எங்கே? ஆடியைக் கொண்டு வா!" என்று அவர் கத்துவதைக் கேட்ட வாடிக்கையாளர்கள், முதலாளி புது ஆடி கார் வாங்கிவிட்டார், அதையும் நம் பில்லில் சேர்த்துவிடுவார் என்று கலங்கிப் போனார்கள்.

கட்டடங்களின் கூரைக்குள் குளிர்காற்றுக் குழாய் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று வரைந்து கொடுப்பதுதான் அவர் வேலை. அதனால் எங்கே போனாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பார். தரையைப் பார்த்து நடக்கும் வழக்கமே கிடையாது. சிராங்கூன் ரோட்டில் அவர் மோதாத விளக்குக் கம்பம் பாக்கியில்லை. மோதிவிட்டு, நெற்றியைத் தடவிக்கொண்டே அந்தக் கம்பத்தையும் அண்ணாந்து பார்த்து, "என்னா உசரம் அடேயப்பா!" என்பார். கம்பத்துக்கு வலித்திருந்தாலும் அதைக் கேட்டு ஆறியிருக்கும்.

ஊரிலிருந்து தனியாக வந்து வேலை பார்க்கும் மற்ற பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை என்றால் தேக்காவில் நண்பர்களைப் பார்ப்பார்கள், பிரியாணி சாப்பிடுவார்கள், வீட்டுக்குப் பேசுவார்கள், மீதி நேரம் தூங்குவார்கள். நம்மவர் சட்டையை மடித்து உள்ளே விட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி அரும்பொருளகத்துக்கு, அதாவது மியூசியத்துக்கு, கிளம்புவார். தனியாகப் போக மாட்டார். ஆபீஸில் ஒவ்வொருவராக இழுத்துப் பார்த்து, எல்லாரும் நழுவிய பிறகு என்னிடம் வந்தார்.

நான் பிடோக்வாசி. இந்த ஊரிலேயே பிறந்து, படித்து, கல்யாணம் பண்ணி, மூட்டுவலி வரைக்கும் வந்துவிட்டவள். அரும்பொருளகத்துக்குள் நான் கடைசியாகக் கால் வைத்தது தொடக்கப்பள்ளி நாட்களில். ஆசிரியர் வரிசையாக நிற்க வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்டால், எனக்கு முன்னால் நின்ற பிள்ளையின் ஜடையைப் பார்த்தேன். சொந்த ஊரை யார் காசு கொடுத்துப் போய்ப் பார்ப்பார்கள்?

"வாங்கக்கா, ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை" என்றார். பாவமாக இருந்தது. போனேன்.

முதலில் மெர்லயன். தலை சிங்கம், உடம்பு மீன், வாயிலிருந்து தண்ணீர். வருகிற சுற்றுலாப் பயணிகள் எல்லாம் அந்தத் தண்ணீரைக் கையில் பிடிப்பது போலவும் வாயில் பிடிப்பது போலவும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நம்மவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"தம்பி, அது சாமி இல்ல லா. சும்மா சிலை" என்றேன், எங்கள் ஊர் 'லா' போட்டு.

"என்னக்கா இப்படிச் சொல்லிட்டீங்க! மேல நரசிம்மம், கீழ மச்சம். ரெண்டு அவதாரத்தை ஒரே சிலையில முடிச்சிட்டாங்க பாருங்க. இடம் கம்மியான ஊரு இல்ல? அடேயப்பா, என்னா சிக்கனம்!"

அங்கிருந்து ஆற்றங்கரை. இந்த ஊரைத் துறைமுகமாக்கிய வெள்ளைக்காரரின் சிலை அங்கே மார்பில் கை கட்டி நிற்கும். எத்தனையோ முறை பஸ்ஸில் அந்தப் பக்கம் போயிருக்கிறேன். அவர் அதிகாரமாக நிற்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடேயப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு பெரிய மனுஷன்! என்னா பணிவு பாருங்கக்கா. ஊருக்கு முன்னால கை கட்டி நிக்கிறாரு."

நம்மிடையே பெரியவர்கள் முன்னால்தானே கை கட்டி நிற்போம்? அதற்குப் பிறகு அந்தச் சிலையை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. வேலை கேட்டு வந்து, முதலாளி கூப்பிடுவதற்காக வெயிலில் நிற்கிறவர் மாதிரியே தெரிகிறார்.

அதற்கப்புறம்தான் வெள்ளைக் குவிமாடம் போட்ட அந்தப் பழைய அரும்பொருளகம். நான் முன்னால் நடந்து, டிக்கெட்டைக் காட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். வாசற்படி ஓரத்தில் ஷூவைக் கழற்றி, அதற்குள் சாக்ஸைச் சுருட்டி வைத்து, இரண்டையும் ஜோடியாகச் சுவரோரம் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தார். பின்னாலேயே அந்த ஷூக்களைச் சந்தேகப் பொருள் போல இரண்டு விரலில் தூக்கிக்கொண்டு ஒரு மலாய்க் காவலர் ஓடி வந்தார்.

"சார், போட்டுக்குங்க. இது டெம்பிள் இல்ல" என்று ஆங்கிலத்தில் சொன்னார் காவலர்.

"அக்கா, அவர்கிட்ட சொல்லுங்க. எத்தனையோ பேரு பொழங்குன சாமான் எல்லாம் உள்ள இருக்கு. அவங்க யாரும் இப்ப இல்ல. செருப்புக் காலோட போனா நல்லாவா இருக்கும்?"

நான் மொழிபெயர்த்தேன். காவலர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். கடைசியில் தரை குளிரும் என்று கெஞ்சித்தான் ஷூவைப் போட வைக்க முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்தக் கூடமானாலும் அவர் வலமாகத்தான் சுற்றுவார். அங்கே அம்புக்குறி இடமாகச் சுற்றச் சொன்னது. "பிரதட்சணத்தை அப்பிரதட்சணமாப் பண்ணலாமாக்கா?" என்று கேட்டு, கூட்டத்துக்கு எதிராக நடந்தார். அதனால் சரித்திரம் முழுவதும் எங்களுக்கு வாலிலிருந்து தலைக்கு வந்தது. முதலில் அடுக்குமாடி வீடுகள், அப்புறம் சுதந்திரம், அப்புறம் ஜப்பான்காரன், அப்புறம் வெள்ளைக்காரன். அவர் பார்த்த சிங்கப்பூர் முன்னேறி முன்னேறிக் கடைசியில் ஒரு மீன்பிடிக் கிராமமானது. அதற்கும் ஒரு அடேயப்பா போட்டார்.

நான் சிரித்துக்கொண்டே இருந்தேன், குவிமாடத்துக்கு நேர் கீழே வரும்வரை. அங்கே அவர் வழக்கம்போல அண்ணாந்து நின்றார். ஆனால் வாயே திறக்கவில்லை. என்னடா இது, கழுத்து பிடித்துக்கொண்டதா என்று நானும் மேலே பார்த்தேன்.

அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும், நாம் அண்ணாந்து பார்த்து எத்தனை நாளாகிவிட்டது என்று. வளைந்து வளைந்து மேலே போகிற சுவர், அதில் பதித்த வண்ணக் கண்ணாடிகள், அதன் வழியாக வழிந்து இறங்குகிற வெளிச்சம். அந்த வெளிச்சம் என் கைப்பை மேலும், பிடோக் கடையில் வாங்கிய என் சாதாரணச் செருப்பின் மேலும் விழுந்து கிடந்தது. இது இத்தனை வருடமாக இங்கேயே இருந்திருக்கிறது. நான் இதைத் தாண்டித்தான் பல்லைக் காட்ட டாக்டரிடம் போயிருக்கிறேன்.

"அடேயப்பா" என்றேன். என் வாயிலிருந்து வந்த முதல் அடேயப்பா அது.

அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷம் முகத்தில். "இதுக்குத்தாங்கா ஒரு ஆளு வேணும்கிறது. தனியா நின்னு வாயைப் பொளக்கிறதுல ஒரு இது இல்ல" என்றார். அப்போதுதான் அவருடைய மனைவி மங்கையைப் பற்றிச் சொன்னார்.

மங்கை கும்பகோணத்தில் அண்ணனோடு சேர்ந்து பாத்திரக்கடை பார்த்துக்கொள்கிறவள். பித்தளை, வெண்கலம், செம்பு, எல்லாம் அவள் கையில்தான். கல்யாணமான சில மாதத்திலேயே இவர் விமானம் ஏறிவிட்டார். மனைவியை அழைத்துக்கொள்ளக் கம்பெனி சம்மதித்தது. மங்கைதான் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இவர் கைபேசியில் ஊரைக் காட்டுவார். அவள் அந்தப் பக்கம் ஒரு குடத்தைத் துடைத்துக்கொண்டே பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒரே வார்த்தை.

"சுமார்தான்."

இப்போது அவள் ஒரு மாதம் வந்து பார்ப்பதாக ஒத்துக்கொண்டிருந்தாள். "ஊர் சரிப்பட்டா இங்கயே இருக்கேன். சரிப்படலைன்னா நீங்க மூட்டையைக் கட்டிக்கிட்டு என்கூட வந்துடணும். ரெண்டு ஊர்ல ரெண்டு பேரு இருந்துக்கிட்டு இது என்ன குடித்தனம்?" என்று கறாராகச் சொல்லியிருந்தாள். இவரும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

"நேர்ல பார்த்தா அவளால அடேயப்பா சொல்லாம இருக்க முடியாதுக்கா" என்றார் நம்பிக்கையாக. பிறகு குரலை இறக்கி, "சொல்லலைன்னா நான் போயிடணும். நான் இன்னும் பாதி ஊரைப் பார்க்கலக்கா" என்றார்.

மங்கையை வரவேற்க நானும் விமான நிலையம் போனேன். ஒல்லியான, நேராக நடக்கிற பெண். எதையும் எடைபோட்டுப் பார்க்கிற கண். என்னைப் பார்த்து "வணக்கம்கா" என்றபோது என் தோடுகூட ஒருமுறை நிறுக்கப்பட்டது.

நேராக அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனார். விமான நிலையத்தை ஒட்டியே கண்ணாடிக் கூடாரம், அதன் கூரை நடுவிலிருந்து பல மாடி உயரத்துக்குக் கொட்டுகிற அருவி, சுற்றிலும் காடு. பார்க்கிறவர்கள் எல்லாம் கல்லாகி நின்றார்கள். இவர் அருவியைப் பார்க்கவில்லை. அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மங்கை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"குளிக்க விடுவாங்களா?"

"இல்ல, பார்க்க மட்டும்தான்."

"பின்ன என்னத்துக்கு அருவி? குத்தாலத்துல குளிச்சவங்களுக்கு இதெல்லாம் சுமார்தான்."

அன்று ஆரம்பித்தது. மெர்லயனிடம் கூட்டிப் போனார். இரண்டு அவதாரக் கதையையும் சொன்னார். "வாய்க்குழாயை மூட ஆளில்லையா? தண்ணி பாட்டுக்குப் போவுது. சுமார்தான்" என்றாள். கை கட்டி நிற்கிற வெள்ளைக்காரரிடம் கூட்டிப் போனார். "மேல ஒரு கூரை போட்டிருக்கலாம். சுமார்தான்." தேக்காவில் கோயில் கோபுரத்தைக் காட்டியது இவருடைய புத்தி. கும்பகோணத்துக்காரிக்குக் கோபுரத்தைக் காட்டுகிறவர் கொல்லன் தெருவில் ஊசி விற்கவும் தயங்க மாட்டார். அந்தச் சுமாரை வேறு விளக்க வேண்டியதில்லை.

கோயில் வாசல் பூக்கடையில் நின்று, "பூவு சுமார்தான், காலையிலயே வாடிருச்சு" என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு இரண்டு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் விடிவு வந்தது. கடலோரத்தில் மூன்று கோபுரங்களும் அவற்றின் உச்சியில் ஒரு கப்பலும் வைத்தது மாதிரி ஒரு ஓட்டல் இருக்கிறதே, அதைப் பார்த்தாள். "ரொம்ப நல்லாயிருக்கு" என்றாள். அவ்வளவுதான், மனிதர் குதித்தார். "கேட்டீங்களாக்கா? ரொம்ப நல்லாயிருக்காம்! ரொம்ப!" என்று வழியில் போன ஒரு சீனத் தம்பதியிடமும் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர்கள் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று எங்களுக்கெல்லாம் ஐஸ் கச்சாங். மலை மாதிரி துருவிய பனிக்கட்டியில் சிவப்பும் பச்சையும் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். மங்கை அதையும் பார்த்து "சுமார்தான்" என்றாள். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. அடுத்த வாரம் லிட்டில் இந்தியாவிலேயே, நம்மவர்கள் இந்த ஊருக்கு வந்து குடியேறிய கதையைச் சொல்லும் ஒரு கூடத்துக்குப் போனோம். கப்பலில் வந்தவர்கள் கொண்டுவந்த பெட்டி, படம், சமையல் சாமான் எல்லாம் கண்ணாடிக்குள்ளே இருந்தன. அதில் ஒரு வெண்கலப் பானை. மங்கை அதன் முன்னால் நின்றவள் நின்றவள்தான்.

அடேயப்பா என் காதருகே வந்து, "வந்துருச்சுக்கா, இப்ப சொல்லிடுவா" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

மங்கை அங்கே உட்கார்ந்திருந்த பணிப்பெண்ணிடம் போனாள். நம் தமிழ்ப் பெண்தான், கல்லூரி முடித்த வயது.

"இதைக் கொஞ்சம் வெளிய எடும்மா. தட்டிப் பார்க்கணும்."

"சாரி ஆன்ட்டி, எக்ஸிபிட் எல்லாம் தொடக் கூடாது."

"தொட வேணாம், தட்டினாப் போதும். சத்தத்துலதான் வெண்கலமான்னு தெரியும்."

"ஆன்ட்டி, கேனாட் லா. அலாரம் அடிக்கும்."

"அலாரம் எதுக்கு? பானை அடிச்சாப் போதாதா?" என்று கேட்டுவிட்டு மங்கை திரும்பி வந்தாள். கண்ணாடியைச் சுற்றி நான்கு பக்கமும் பார்த்தாள். வாய் விளிம்பு நெளிந்திருக்கிறது, உள்ளே கரி போகவில்லை, இத்தனை பேர் பார்க்கிற இடத்தில் வைக்கிறவர்கள் ஒரு புளி போட்டுத் தேய்த்து வைக்கக் கூடாதா என்று வரிசையாகக் குற்றம் சொன்னாள். கடைசியில் "சுமார்தான்" என்றாள். சொல்லிவிட்டு ஏனோ கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். கப்பலேறி வருகிறவள் துணிமணியைக் குறைத்துக்கொண்டு இத்தனை கனமான பானையை ஏன் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

இதையெல்லாம் அடேயப்பா கேட்கவில்லை. அவர் சுமாரோடு நின்றுவிட்டார். அந்த வாரம் முழுவதும் ஆபீஸில் கதவு திறந்தது, லிஃப்ட் பேசியது, குழாயில் தண்ணீர் தானாக வந்தது. அடேயப்பா வரவில்லை. முதலில் அது தேய்ந்து "அப்பா" ஆனது. பிறகு "ப்ச்" ஆனது. முதலாளியே பயந்துபோய், "ஆடிக்கு உடம்பு சரியில்லையா?" என்று என்னைக் கேட்டார். தரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார். ஒரு கம்பத்திலும் மோதவில்லை.

மங்கை ஊருக்குத் திரும்பும் முன்பு வந்த கடைசி ஞாயிற்றுக்கிழமை. பழைய நீதிமன்றம் ஒன்று இங்கே இப்போது ஓவியக்கூடமாகிவிட்டது. வெளியே பெரிய பெரிய தூண்கள், மேலே பச்சைக் குவிமாடம். உள்ளே ஒரு விசாரணை மண்டபத்தைப் பழைய மாதிரியே வைத்திருக்கிறார்கள். நீதிபதியின் உயர்ந்த நாற்காலி, எதிரே மரத்தில் செய்த கைதிக் கூண்டு. எந்தக் குற்றமும் செய்யாதவர்கள்கூட அங்கே நுழைந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நானும் ஒரு ஓரமாக நின்றுகொண்டேன்.

மங்கை மேலும் கீழும் பார்த்தாள். "மரம் நல்ல மரம். பாலிஷ் சுமார்தான்" என்றாள்.

அடேயப்பா கூண்டுப் பக்கத்தில் நின்றார். அவருக்கே தெரியாமல் கை கட்டியிருந்தார்.

"மங்கை, சொல்லிடு. உனக்கு இந்த ஊர்ல ஒண்ணுமே பிடிக்கல. நான் பார்த்துப் பார்த்துக் காட்டுனேன். நீ ஒருவாட்டி வாயத் தொறந்து..." கூண்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "பரவால்ல. வாக்குக் குடுத்தது குடுத்ததுதான். எனக்கும் சேத்து டிக்கெட் போட்டுடறேன்."

மங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு சொன்னா பிடிக்கலன்னு?"

"எல்லாத்தையும் சுமார் சுமார்னியே!"

"ஆமா சொன்னேன். ஊரு எடுக்கலாமா வேணாமான்னு பாக்க வந்திருக்கேன். வாங்கப் போற சாமானை எடுத்த எடுப்புல ஆகா ஓகோன்னா அவன் வெலய எறக்குவானா?" அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நம்ம கடைக்கு வர்றவங்களைப் பாத்திருக்கீங்கல்ல? ரொம்ப நல்லாயிருக்குன்னு சொல்றாங்க பாருங்க, அவங்க யாரும் வாங்க மாட்டாங்க. சொல்லிட்டு நகந்துருவாங்க. கையில எடுத்து, தட்டிப் பாத்து, வாய் கோணல், அடி தட்டைன்னு பத்துக் குத்தம் சொல்லி சுமார்தான்னு வைக்கிறவங்கதான் கடசியில வாங்கிட்டுப் போவாங்க."

"அப்ப அந்த மூணு கோபுர ஓட்டலு? ரொம்ப நல்லாயிருக்குன்னியே?"

"நல்லாயிருக்கு. அது நமக்கு எதுக்கு?"

அருவி, மெர்லயன், கை கட்டிய வெள்ளைக்காரர், கோபுரம், ஐஸ் கச்சாங், வெண்கலப் பானை என்று ஒவ்வொன்றாக என் மனதில் திரும்பி வந்தன. இந்தப் பெண் ஒரு மாதமாக ஊரையே கையில் எடுத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"உட்லண்ட்ஸ் பக்கம் வாடகை கொறச்சல்னு அக்கா சொன்னாங்க. வீட்டுக்காரங்களை நானே பாத்துப் பேசிக்கிறேன். நீங்க கூட வந்தாலும் அங்க அடேயப்பா மட்டும் சொல்லிடாதீங்க, கெட்டுது காரியம். கடையை அண்ணன் பாத்துக்கும். இங்க நல்ல வெண்கலம் எவன்கிட்டயும் இல்ல, பானையை அந்தக் கோலத்துல வச்சிருக்காங்க. நானே ஒரு கடை பாக்கலாம்னு இருக்கேன்."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏம்மா மங்கை, தம்பி உன்னைப் பொண்ணு பாக்க வந்துட்டுப் போனப்ப, மாப்பிள்ளை எப்படின்னு வீட்டுல கேட்டிருப்பாங்கல்ல?"

ஒரு மாதமாக எதற்கும் மாறாத அந்த முகம் அப்போதுதான் மாறியது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணன் கேட்டுச்சு."

"என்ன சொன்னே?"

"சுமார்தான்னேன்."

வந்தது அந்தச் சத்தம். அந்த மாதம் முழுவதும் தேங்கி நின்றதெல்லாம் சேர்ந்து வந்தது.

"அடேயப்பா!"

நீதிபதி நாற்காலியில் பட்டு, சுவரில் பட்டு, மேலே போய்த் திரும்பி வந்தது. அந்த மண்டபம் எத்தனையோ தீர்ப்புகளைக் கேட்டிருக்கும், இந்த மாதிரி ஒரு சந்தோஷத்தைக் கேட்டிருக்காது. பக்கத்துக் கூடத்திலிருந்து ஒரு சீனக் காவலர் ஓடி வந்து, "சார், சார், மெதுவா லா" என்று உதட்டில் விரல் வைத்தார். நம்மவர் அவரையும் கட்டிக்கொண்டார்.

வெளியே வரும்போது குவிமாடத்துக்குக் கீழே மூவரும் நின்று அண்ணாந்து பார்த்தோம். அவருக்கும் எனக்கும் வழக்கம்போல வாய் திறந்துகொண்டது. மங்கை என்ன செய்கிறாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். கண் விரிந்து, அவள் வாயும் 'அ' என்று திறந்தது. சட்டென்று மூடிக்கொண்டாள். வாடகை இன்னும் பேசி முடியவில்லை அல்லவா?

உட்லண்ட்ஸில் வீடு பார்த்தார்கள். அவளும் முழு மனதாகச் 'சுமார்' என்று சொன்னாள். பிறகு அவர் வேலையும் அந்தப் பக்கமே மாறிவிட்டது. இப்போது எங்கள் ஆபீஸில் கதவு திறக்கிறது, லிஃப்ட் பேசுகிறது, கேட்பார் இல்லை. நான்தான் சில காலைகளில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, அந்த லிஃப்டுக்குள் நின்று ஒரு அடேயப்பா சொல்லிவிட்டு இறங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அரும்பொருளகத்துக்குப் போனால் வலமாகத்தான் சுற்றுகிறேன். ஊர் என்னவோ இன்னும் பின்னோக்கித்தான் போகிறது. எனக்கு அதுவே பழகிவிட்டது.

அவரைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் நீட்டி முழக்கி ஒன்றும் சொல்வதில்லை. மனிதர் சுமார்தான்.